பவுடர் பக்கம்

அண்ணன் காரை நிறுத்திய இடம் கல்லூரியின் வாசற்படி. வாசற்படிக்குப் பக்கத்தில் என்று யாரும் திருத்திப் படிக்க வேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டும் முதல் படியில் ஏறித்தான் நின்றன.

காவலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். கதவைத் திறந்து இறங்கிய அண்ணன் அவர் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து உறை பிரித்து அவர் வாயருகே நீட்டினார். திட்டுவதா வாங்குவதா என்று காவலாளிக்குத் தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

மாடி ஜன்னலில் நின்று இதைப் பார்த்த பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தாள். படியில் வண்டி ஏற்றுவதற்கும் ஒரு தில்லு வேண்டும் என்று பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். அன்றைக்கு அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

இந்தக் கதையில் பாதி வழியில் ஏறியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவள் மேனேஜ்மென்ட் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கால் நூற்றாண்டாக ஒரே அறையில் ஒரே பாடத்தை யாருக்கும் தொந்தரவில்லாமல் நடத்திக்கொண்டிருந்தவள், இரண்டு வருடங்களுக்கு முன் திடீரென்று கல்லூரியையே தலைகீழாகப் புரட்டக் கிளம்பினாள். கணக்கு ஓர் அறை, விற்பனை ஓர் அறை, ஆள் நிர்வாகம் இன்னோர் அறை என்று பாடத்தைக் கூறு போட்டு விற்கிறோம். வெளியே கம்பெனிகள் அப்படிக் கூறு கூறாக நோய்ப்படுவதில்லை என்பது அவள் கட்சி. ஒரு வாரத்துக்கு ஒரு கம்பெனி. அதை வகுப்பின் நடுவில் கிடத்த வேண்டும். மேனேஜ்மென்ட் ஆசிரியரோடு ஒரு வக்கீல், ஒரு வரலாற்றுக்காரர், ஒரு பொறியாளர், ஒரு நரம்பு டாக்டர் எல்லோரும் சுற்றி நின்று அதையே பார்க்க வேண்டும். அவரவர் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். கணக்கியல் துறைத் தலைவர் முழுசாக எதிர்த்தார். அவருக்கு முதுகுக்குப் பின்னால் கால்குலேட்டர் என்று பெயர். மேனேஜ்மென்ட் கல்லூரிக்கு டாக்டர் எதற்கு, கட்டணத்தைக் கேட்டு யாராவது மயங்கி விழுந்தால் பார்க்கவா என்று ஆட்சிக்குழு நடுவில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவர் அவர்தான். இவள் அசரவில்லை. இத்தனை வருடம் வாயைத் திறக்காத உங்களுக்கு எப்படி இந்தத் துணிச்சல் வந்தது என்று யார் கேட்டாலும் இவளிடம் ஒரே பதில்தான்.

"ஒருநாள் காலைல எழுந்தேன். பயம் போயிருந்துச்சு."

பத்திரிகைகள் அந்த வரியைப் பெரிய எழுத்தில் போட்டன.

போன வாரம் ஆட்சிக்குழு ஒருவழியாக இறங்கிவந்தது. ஒரே ஒரு வகுப்பு நடத்திக் காட்டு. தேறினால் அடுத்த ஆண்டு முதல் மொத்தப் பாடத்திட்டமும் உன் வழிக்கு மாறும். தேறாவிட்டால் டாக்டரும் வக்கீலும் வீட்டுக்குப் போவார்கள், நீ பழைய அறைக்குப் போவாய் என்றது. அந்த வகுப்புதான் இன்று.

வகுப்புக்கு அவள் எடுத்துக்கொண்ட கேஸ், அவளே எழுதியது. கேஸ் என்றால் இங்கே வழக்கு இல்லை. நிஜமான ஒரு கம்பெனியின் கதையை ஊர் மாற்றி, பெயர் மாற்றி, மாணவர்கள் அலசுவதற்கு எழுதிக்கொடுப்பது. 'அறுபதில் வந்த துணிச்சல்' என்று தலைப்பு வைத்திருந்தாள். அதில் வருகிற முதலாளி ஒரு குடைக்காரர். வாழ்நாள் முழுக்கத் தொட்டதற்கெல்லாம் தயங்கியவர், அறுபதை நெருங்கும்போது சட்டென்று ஆளே மாறுகிறார். பழைய மேலாளரை ஒரே பேச்சில் வீட்டுக்கு அனுப்புகிறார். பரம்பரைத் தொழிலை மூடிவிட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறுகிறார். யார் அழுதாலும் நிற்பதில்லை.

குடை பொய். மற்றதெல்லாம் நிஜம். குடைக்காரர் என்பது அவளுடைய அண்ணன். அவர் செய்வது கதவுக்கான பித்தளைக் கீல். நாளைக் காலை தன் கையாலேயே பித்தளை உலையை அணைக்கப்போகிறார். வேறு யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஒருமுறை ஆறிவிட்டால் உலையின் உள்பூச்சு வெடித்துப்போகும். மறுபடி மூட்ட முடியாது. தொழிலாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். இவள் மட்டும்தான் அவரைத் தட்டிக்கொடுத்தாள்.

வகுப்பு முடியும்போது, 'இதோ அந்தக் குடைக்காரர்' என்று அண்ணனை எழுப்பிக் காட்டுவதாகத் திட்டம். அதற்காகத்தான் அவரும் அண்ணியும் வந்திருந்தார்கள்.

அவள் படியிறங்கிக் கீழே போனபோது காவலாளி காரைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் கைகூப்பி, "வணக்கம் டீச்சர்" என்றார். சின்ன வயதிலிருந்து அவளுடைய நடையைப் பார்த்து வாத்து என்றுதான் கூப்பிடுவார். அவள் வாத்தியாரானதும் பேர் பொருத்தத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். நாலு பேர் முன்னால் மரியாதை தருகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணி கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். வரும் வழியில் காரைத் தான் ஓட்டுவதாகக் கேட்டாளாம், தரவில்லையாம். வகுப்பு எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டாள். மற்றபடி முகத்தில் ஒன்றுமில்லை. அண்ணி எப்போதும் அப்படித்தான் என்று இவள் முடிவு கட்டி வெகுகாலம் ஆகிறது.

வகுப்பறை கிணறு மாதிரி. சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள், அடியில் ஆசிரியர் நிற்கும் இடம். முன்வரிசையில் முதல்வரும் கால்குலேட்டரும் ஆட்சிக்குழுவும். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், அண்ணனும் அண்ணியும்.

ஆரம்பம் நன்றாகவே போனது. பரம்பரைத் தொழிலைக் கைவிட்ட முதலாளிகளை ஊர் எப்போதும் துரோகிகளாகத்தான் பார்த்திருக்கிறது என்று வரலாற்றுக்காரர் சொன்னார். மேலாளரை அனுப்பிய விதத்தில் எந்த இடத்தில் சட்டம் கடிக்கும் என்று வக்கீலம்மா காட்டினார். பிளாஸ்டிக் அச்சுக்கு எவ்வளவு ஆயுள் என்று பொறியாளர் சொன்னார். மாணவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்துகொண்டு பேசினார்கள். ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். ஆள் துணிச்சல்காரர், துணிச்சலுக்கு விலை உண்டு. கால்குலேட்டர் திருப்தியாக உட்கார்ந்திருந்தார். ஐந்து பேர் சேர்ந்து பாடினாலும் பழைய பாட்டுதானே என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது.

கடைசியாக டாக்டர் எழுந்தார். கோட்டு இல்லை, கட்டம் போட்ட சாதாரணச் சட்டை. மற்றவர்கள் கேஸை மொத்தமாகக் கையில் வைத்திருந்தார்கள். அவரிடம் ஒரே ஒரு தாள்.

"மீதியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீங்களா டாக்டர்?" என்றார் கால்குலேட்டர்.

"முதல் பக்கத்தைத் தாண்ட முடியல சார்."

வகுப்பு சிரித்தது. சிரித்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்தக் கேஸிலும் முதல் பக்கம் அலங்காரம். முதலாளியின் அறை எப்படி இருக்கும், அவர் எப்படி நடப்பார், வாயில் எதை மெல்லுவார் என்று நாலு வரி கதை மாதிரி எழுதிவிட்டு, விஷயத்தை இரண்டாம் பக்கத்தில் தொடங்குவது இந்தத் தொழிலின் வழக்கம். ஆசிரியர்கள் அதற்கு வைத்த பெயர் பவுடர் பக்கம். அதிலிருந்து யாரும் கேள்வி கேட்பதில்லை. 'பவுடரைத் தாண்டிப் போங்க, முகம் உள்ள இருக்கு' என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான்.

யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால், அந்தப் பக்கத்தை அவள் ஆசை ஆசையாக எழுதியிருந்தாள்.

டாக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. முன்னால் இருந்த ஒரு மாணவி விளக்கிச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தாளைப் பார்த்தார். இனிப்பே தொடாத ஒருவர் இப்போது பை நிறைய மிட்டாயோடு அலைகிறார் என்று எழுதியிருக்கிறதே, எப்போதிலிருந்து என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. முப்பது வருடம் கூட இருந்த மேலாளர் எதிரில் நின்று அழுகிறார், முதலாளி சிரிக்கிறார். அதற்கு முன்பு அவர் அழுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆளா என்றார்.

"இன்னொண்ணு. எந்தப் பொருளையும் பேர் சொல்றதில்லை. எல்லாத்தையும் 'அது', 'இது'ங்கிறாரு. இதை மேடம், 'சில்லறை விவரங்களைக் கடந்து முழுமையைப் பார்க்கிறவர்'னு எழுதியிருக்காங்க. அழகா இருக்கு. ஆனா..."

டாக்டர் தாளை மேசையில் வைத்தார்.

"ஆளை நேர்ல பார்க்காம நோய்க்குப் பேர் வைக்கக்கூடாது. வைக்க மாட்டேன். ஆனா இந்த ஆள் என் ரூமுக்கு வந்தா, வியாபாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். மூளையைப் படம் எடுக்கச் சொல்லுவேன். அவசரமா."

வகுப்பில் எவரோ பேனாவைக் கீழே போட்டார்கள். அது படிப்படியாக உருண்டு கீழே வருகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறதே, கேஸில் பழைய விலையெல்லாம் சொல்கிறாரே என்று ஒரு மாணவன் மடக்கினான். மறதி இந்த மாதிரி நோயில் பின்னால்தான் வரும், முதலில் மாறுவது குணம் என்றார் டாக்டர். மாறுவது மெல்ல மாறும். பக்கத்தில் இருப்பவர்கள் அதற்கு நல்ல பெயர் ஒன்று வைத்துவிடுவார்கள் என்றார்.

"அப்ப அந்தத் துணிச்சல்?" என்றாள் முன்னால் இருந்த மாணவி.

"துணிச்சல்னா பயம் இருக்கணும்மா. பயந்துக்கிட்டே செய்றதுதான் துணிச்சல். இவருக்குப் பயமே போயிருச்சு. மூளைல முன்பக்கம் பிரேக் மாதிரி. பிரேக் போன வண்டி வேகமாத்தான் போகும். அதைப் பார்த்து நல்லா ஓட்டுறாருன்னா சொல்லுவோம்?"

வாசற்படி. முதல் படியில் ஏறி நின்ற சக்கரம்.

பேராசிரியையின் கையில் எழுதுகிற மார்க்கர் இருந்தது. அதன் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தவளுக்கு இப்போது மாட்ட வரவில்லை. மூடி எங்கே போனது என்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் நீலமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. தலையை நிமிர்த்திக் கடைசி வரிசையைப் பார்க்க வேண்டும். கழுத்து ஒத்துழைக்கவில்லை.

அந்த அமைதியில் மிட்டாய் உறை பிரிக்கிற சத்தம் மேலேயிருந்து வந்தது.

பார்த்தாள். அண்ணன் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டு, சினிமா பார்க்கிறவர் மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளை உலுக்கியது அவர் இல்லை. பக்கத்தில் அண்ணி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்தக் குனிவில் அதிர்ச்சி இல்லை. எப்போதோ தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்கிறவளின் குனிவு அது.

ஏதாவது சொல்லி வகுப்பை முடித்துவிட வேண்டும் என்று பேராசிரியை வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"டாக்டர் தம்பி, அந்தக் குடைக்காரன் நான்தான்."

மொத்த வகுப்பும் திரும்பியது. அண்ணன் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். அண்ணி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கவனிக்கவில்லை.

"குடையெல்லாம் சும்மா. இவ மாத்தி எழுதிட்டா. நான் செய்றது வேற." இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, திறந்து மூடிக் காட்டினார். "அது. கதவுல இருக்குமே, அது."

வகுப்பு சிரித்தது. சிரிப்பு கைதட்டலானது. கேஸில் வருகிற ஆளையே கடைசியில் எழுப்பி, டாக்டர் சொன்னதை அப்படியே நடித்துக்காட்ட வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். அண்ணனும் அவர்களோடு சேர்ந்து தட்டினார்.

கீல். ஓர் எழுத்தும் ஒரு புள்ளி வைத்த எழுத்தும். வாழ்நாள் முழுக்க அவருக்குச் சோறு போட்ட வார்த்தை. பட்டாம்பூச்சிக் கீல், முழங்கைக் கீல், மறைவுக் கீல் என்று யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் திறந்து பார்த்துப் பேர் சொல்லுவார். இவளுக்கு மானம் போகும். கைக்கு அது ஞாபகமிருந்தது. திறந்து மூடிச் சரியாகக் காட்டியது. நாக்கு கைவிட்டுவிட்டது.

அந்த அறையில் சிரிக்காதவர்கள் மூன்று பேர். அண்ணி. இவள். மூன்றாவது, மேசையில் கையூன்றி நின்ற டாக்டர். யாரைப் பற்றி, யார் முன்னால் பேசியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மன்னிச்சிடுங்க என்று அவர் சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை.

ஆட்சிக்குழு பக்கத்து அறையில் கூடி முடிவெடுக்க, ஒரு காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதல்வர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நாலு துறையும் பார்த்து ஏமாந்த இடத்தை ஐந்தாவது துறை பிடித்தது பாருங்கள், இதைத்தானே நீங்கள் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தீர்கள் என்றார். கடைசியில் அந்த மனிதரை எழுப்பியது உச்சம் என்றார். நல்ல நடிகர், எங்கே பிடித்தீர்கள் என்றும் கேட்டார்.

அவளுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரையும்விட ஆச்சரியம் கால்குலேட்டர்தான். மனுஷன் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இவ்வளவு காலமும் பவுடர் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுத்தான் பாடம் நடத்தினேன் என்றார். டாக்டர் பேசும்போதுதான் மறுபடி திருப்பிப் படித்தேன், எனக்கு வெட்கமாக இருந்தது, என் கை உங்கள் பக்கம் என்றார். இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்க அவள் இரண்டு வருடம் தவம் கிடந்திருந்தாள். இப்போது கேட்டது. பல் வைத்தியர் ஊசி போட்ட கன்னம் மாதிரி ஒன்றுமே உறைக்கவில்லை.

பாடத்திட்டம் மாறுகிறது என்று முடிவானது. இந்தக் கேஸே புதிய படிப்பின் முதல் பாடம் என்றும் முடிவானது. முதல்வர் கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

"இந்த வயசுல இவ்வளவு துணிச்சல் எங்களுக்கெல்லாம் வரமாட்டேங்குதே மேடம்."

நடைபாதையில் குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அண்ணி நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி நாற்காலியில் அண்ணன். சுற்றிலும் மாணவர் கூட்டம். எல்லோருக்கும் பெப்பர்மின்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

இது எனக்குத் தெரியாது அண்ணி என்று ஆரம்பித்தாள்.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். பேரன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கு அவர் ஒன்றுமே கேட்காதது மாதிரி டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கே தனக்குச் சந்தேகம் வந்தது என்றாள். யாருக்கும் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி வைத்திருந்தாளாம்.

"அப்பறம் ஏன் போகலை?"

"உன் கேஸ் வந்துச்சு."

இப்போதுதான் அண்ணி முகத்தைத் திருப்பினாள்.

"ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிச்சேன். நான் பயந்த ஒவ்வொண்ணும் அதுல இருந்துச்சு. மிட்டாய் இருந்துச்சு. சிரிப்பு இருந்துச்சு. பேர் வராம அது இதுன்னு தடுமாறுறது இருந்துச்சு. எல்லாத்துக்கும் நீ அழகா ஒரு பேர் வச்சிருந்தே. வீட்ல படிச்சவ ஒருத்தி, கூடப் பொறந்தவ, பார்த்துட்டு எழுதியிருக்கா. நான் யாரு அதைச் சீக்குன்னு சொல்ல? தேதி வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

பேராசிரியை போனை எடுத்தாள்.

உலையை நாளைக்கு அணைக்க வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னாள். யாருக்குச் சொல்லுவே என்று அண்ணி கேட்டாள். உன் கேஸின் தலைப்பைப் பெரிதாக அச்சடித்து உலை வாசலில் ஒட்டியிருக்கிறார். நிறுத்தச் சொல்லி வருகிறவர்களையெல்லாம் அதைப் படித்துவிட்டு வரச் சொல்கிறார் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது" என்று அண்ணி கையை விரித்துக் காட்டினாள். கார் சாவி. கைதட்டுகிற நேரத்தில் அவருடைய சட்டைப்பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

பேராசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணனிடம் போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் அதே முகம். மூக்குக் கண்ணாடி அதே கண்ணாடி. காலையில் கேட்ட 'வணக்கம் டீச்சர்' இப்போது நெஞ்சில் நெருடியது. அதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. சோதிக்காமல் இருந்திருக்கலாம்.

அவருடைய காதருகே குனிந்து, "அண்ணா, வாத்து வந்திருக்கு" என்றாள்.

அண்ணன் ஆவலாக ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்க?"

மாணவர்கள் சிரித்தார்கள். இவள் எழுந்துவிட்டாள். மாடிப்படி வளைவு வரைக்கும் நடந்து போய், யாரும் இல்லாத இடத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

டாக்டர் அங்கேதான் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டேன் என்று மறுபடி மறுபடி சொன்னார். கேஸ் என்றால் ஆளைக் கற்பனையாகக் கலந்து எழுதுவார்கள் என்று நினைத்தேன் என்றார். அவள் கையமர்த்தினாள். மன்னிப்புக்கெல்லாம் நேரம் இல்லை. நாளைக் காலையில் அண்ணனைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் உலை தப்பும். அவர் கையில்லாமல் அதை யாரும் அணைக்கப்போவதில்லை. முதல் ஆளாகக் கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர். வருவாரா என்று கேட்டார். தெரியாது என்றாள். பயமில்லாத மனுஷனை எதைச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது?

டாக்டர் போகவில்லை. அண்ணனின் பெயர், வயது, தூக்கம், சாப்பாடு என்று நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

அது அவர்கள் வீட்டில் எல்லோரும் பெருமையாகச் சொல்கிற கதை. அவளும் யோசிக்காமல் சொல்லத் தொடங்கினாள். அப்பா வாயில்லாப்பூச்சியாக ஓர் அலுவலகத்தில் இருந்தவர். தலை நரைத்த பிறகு ஒருநாள் மேலதிகாரியை எல்லோர் முன்னாலும் கேலி செய்துவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு வெளியே வந்து அந்தப் பித்தளை உலையைப் போட்டார். அந்த வயதில் அந்தத் தில்லு யாருக்கு வரும் என்று ஊரே பேசியது. கடைசிக் காலத்தில் பேச்சு குறைந்துவிட்டது. பிறகு நின்றேவிட்டது. அப்பா மௌனத்துக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள்.

சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்குத் தன் குரல் காதில் விழுந்தது. கதை அதேதான். இன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. பாதியில் நிறுத்தினாள்.

டாக்டர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"உங்க வீட்ல உங்ககூட யாரு இருக்கா?"

யாருமில்லை. அண்ணனைப் பார்த்துக் கலங்குவதற்கு ஓர் அண்ணி இருந்தாள். இவளுடைய வீட்டுக் கதவை இவளே திறந்து, இவளே மூடிக்கொள்கிறாள். இவளிடம் எது மாறினாலும் பார்த்துச் சொல்ல ஆளில்லை. பார்த்தவர்கள் பத்திரிகைக்காரர்கள்தான். அவர்கள் அதற்கு அழகாக ஒரு பேர் வைத்துவிட்டார்கள்.

டாக்டர் போகத் திரும்பி, மறுபடி நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிறார் என்பது தெரிந்தது. அவருக்குப் பயம் இருந்தது. இருந்தும் கேட்டார்.

"இந்தப் பாடத்திட்டத்தை மாத்தணும்னு உங்களுக்கு எப்ப தோணுச்சு மேடம்?"

எத்தனையோ மேடையில் பதில் சொன்ன கேள்வி. யோசிக்கவே வேண்டாம். வாய் பழக்கத்தில் தானாகத் திறந்துகொண்டது. ஒருநாள் காலைல எழுந்தேன், என்று தொடங்கியும் விட்டாள்.

அடுத்த இரண்டு வார்த்தைகள் நாக்கின் நுனியில் நின்றன.